எண்ணூர்க் காற்றை அளக்கும் பலகையை எதில் வரைவது?

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்துக்கு அருகே கடலடிக் குழாய் ஒன்றிலிருந்து அம்மோனியா கசிந்தது. கப்பலில் வரும் திரவ அம்மோனியாவைக் கோரமண்டல் இன்டர்நேஷனல் உர ஆலைக்குக் கொண்டுபோகும் குழாய் அது. சுற்றியிருந்த மீனவக் குப்பங்களில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண் எரிந்து, மூச்சுத் திணறித் தெருவுக்கு ஓடிவந்தார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். கசிவுக்குப் பிறகு தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாயிலருகே அளந்து அறிவித்த அளவு, ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அம்மோனியா. தேசியக் காற்றுத் தர நெறிப்படி 24 மணி நேரச் சராசரி 400 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. ஆக, அந்த வரம்பைப் போல ஐந்து மடங்கு. ஆனால் அதே 2,090-ஐ வேறு அலகுக்கு மாற்றினால் ஏறத்தாழ 3 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்குக் காற்றில் மூன்று பங்கு. அமெரிக்காவின் தேசியத் தொழில் பாதுகாப்பு, உடல்நல நிறுவனம் ஒரு தொழிலாளியின் வேலை நேரச் சராசரியாக 25 பிபிஎம் வரை ஏற்கிறது. ஒரு கணக்கில் ஐந்து மடங்கு மீறல். இன்னொரு கணக்கில் வரம்பில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. இரண்டு தரப்பும் தங்களுக்கு வேண்டிய வரம்பை எடுத்துக்கொண்டு வாதாட இடமிருக்கிறது. இதைவிடப் பெரிய குறை இன்னொன்று. கசிவுக்குப் பின் ஆலை வாயிலில் எடுத்த அளவு, கசிவு உச்சத்தில் இருந்தபோது குப்பத்துத் தெருவில் எவ்வளவு இருந்தது என்பதைச் சொல்லாது. அதைச் சொல்ல அந்தத் தெருவிலேயே, அந்த நேரத்திலேயே ஒரு கருவி இயங்கிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

அப்படியொரு கருவியைச் செய்வது இன்று பெரிய வித்தை இல்லை. உணரி கடையில் கிடைக்கிறது. மைக்ரோகண்ட்ரோலர் சில நூறு ரூபாய். மின்சுற்றுப் பலகையை வரைந்து அனுப்பினால் சில நாட்களில் அடித்துத் தரும் ஆலைகள் உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் இருக்கின்றன. கல்லூரி மாணவர்கள் நான்கு பேர் ஒரு பருவத்தில் முடித்துவிடக்கூடிய வேலை. அவர்கள் முதலில் கேட்பது, பலகையை எந்த மென்பொருளில் வரைவது என்பதுதான். அதற்குப் பதில் சொல்பவர்கள் வழக்கமாக வசதிகளை ஒப்பிடுவார்கள்: எது சுலபம், எதில் நூலகம் பெரிது, எது தானாகவே தடங்களை இழுத்துத் தரும். எண்ணூர் மாதிரி ஓர் இடத்தில் இந்த ஒப்பீடு தப்பான இடத்தில் தொடங்குகிறது என்பது என் வாதம். இங்கே ஒரு கருவி தரும் எண் பொதுவெளியில் சாட்சியாகப் போய் நிற்கும். சாட்சி என்றால் குறுக்கு விசாரணை உண்டு. பலகையின் வடிவமைப்பும் அந்தச் சாட்சியத்தின் ஒரு பகுதி. ஆகவே எதிர்த்தரப்பும் பணம் கட்டாமல், அனுமதி கேட்காமல், பல ஆண்டு கழித்தும் திறந்து பார்க்கக்கூடிய கோப்பைத் தரும் மென்பொருள்தான் இங்கே பொருந்தும்.

பலகை வரைவதில் சாட்சியத்துக்கு என்ன வேலை என்று தோன்றலாம். அம்மோனியாவை அளக்கும் மின்வேதி உணரியை எடுத்துக்கொள்வோம். அதற்குள் மூன்று மின்முனைகள். வாயு உள்ளே நுழைந்து வினைபுரியும்போது மிகச் சிறிய மின்னோட்டம் பிறக்கிறது. பல உணரிகளில் அது ஒரு பிபிஎம்முக்குச் சில பத்து நானோஆம்பியர் மட்டுமே. 40 நானோஆம்பியர் என்று வைத்துக்கொள்ளலாம். 400 மைக்ரோகிராம் என்ற தேசிய வரம்பு, பிபிஎம் கணக்கில் ஏறத்தாழ 0.58. அப்படியானால் வரம்பைத் தொடும் காற்றில் உணரி தருவது 23 நானோஆம்பியர். இப்போது பலகையைப் பாருங்கள். உணரியின் மின்னோட்டம் போகும் தடத்துக்குப் பக்கத்தில், ஒரு வோல்ட் வித்தியாசத்தில் இன்னொரு தடம் ஓடுகிறது. சுத்தமான, காய்ந்த பலகையில் இரண்டுக்கும் இடையிலான மேற்பரப்பு நல்ல மின்காப்புப் பொருள். கடலோரத்தில் அப்படி இருக்காது. காசிமேட்டிலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை காற்றில் உப்பு; அதோடு நிலக்கரித் தூசி, அனல் மின் நிலையச் சாம்பல், கந்தக டை ஆக்சைடு. ஈரப்பதம் கூடும் இரவில், இவை பலகையில் படிந்த படலம் மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். இரண்டு தடங்களுக்கும் இடையில் மின்தடை 50 மெகா ஓமுக்கு இறங்கினாலே ஒரு வோல்ட்டில் 20 நானோஆம்பியர் கசியும். வாயு துளியும் இல்லாமலே கருவி ஏறத்தாழ அரை பிபிஎம் காட்டும். கசியும் திசை மாறினால் உண்மையான அரை பிபிஎம் காணாமல் போகும்.

இதற்கு மருந்து எல்லாருக்கும் தெரிந்ததுதான். உணரியின் தடத்தைச் சுற்றி, அதே மின்னழுத்தத்தில் வைக்கப்பட்ட ஒரு செம்பு வளையத்தை ஓடவிட வேண்டும். காவல் வளையம் என்று அதைச் சொல்லலாம். இரு பக்கமும் ஒரே மின்னழுத்தம் இருந்தால் கசிவதற்கு உந்துவிசை இல்லை. வளையத்தின் மேல் இருக்கும் பச்சைப் பூச்சை எடுத்துவிட வேண்டும், தடம் இரு அடுக்குகளில் ஓடினால் வளையமும் இரு அடுக்குகளில் ஓட வேண்டும், கூட்டிப் பற்றவைத்தபின் பிளக்ஸ் எச்சத்தைக் கழுவி மேலே காப்புப் பூச்சு போட வேண்டும். இவற்றில் பூச்சையும் கழுவலையும் கருவியைக் கையில் எடுத்துப் பார்த்துச் சொல்லலாம். வளையம் சரியாக ஓடுகிறதா என்பதைப் பலகையின் லேஅவுட்டில்தான் பார்க்க முடியும்.

இங்கேதான் சுற்று வரைபடத்துக்கும் லேஅவுட்டுக்கும் உள்ள வித்தியாசம் முக்கியமாகிறது. சுற்று வரைபடம் எது எதோடு இணைகிறது என்பதை மட்டும் சொல்கிறது. அதிலிருந்து மென்பொருள் ஓர் இணைப்புப் பட்டியலை எடுக்கிறது. ஒவ்வொரு குறியீட்டுக்கும் ஒரு ஃபுட்பிரிண்ட், அதாவது உண்மையான பாகத்தின் கால்கள் அமரும் செம்புத் திட்டுகளின் வடிவம், பொருத்தப்படுகிறது. பிறகு எல்லாப் பாகங்களும் பலகையின் எல்லைக்குள் கொட்டப்பட்டு, இணைய வேண்டிய கால்களுக்கு இடையே மெல்லிய நூல்கோடுகள் சிக்கலாகத் தெரியும். வடிவமைப்பவர் பாகங்களை நகர்த்தி, சிக்கலைக் குறைத்து, ஒவ்வொரு நூல்கோட்டையும் செம்புத் தடமாக மாற்றுகிறார். தடத்தின் அகலம் எவ்வளவு, இடைவெளி எவ்வளவு, மின்னோட்டம் திரும்பிவரும் தரைத்தளம் எங்கே அறுபடுகிறது, ரேடியோ ஆன்டெனாவிலிருந்து உணரி எவ்வளவு தூரம்: இத்தனை முடிவுகளும் லேஅவுட்டில் எடுக்கப்படுகின்றன. சுற்று வரைபடத்தில் காவல் வளையம் வெறும் ஒரு கம்பி. ஒரே வரைபடத்திலிருந்து நன்றாக அளக்கும் பலகையும் வரும், உப்பை அளக்கும் பலகையும் வரும். ஆகவே வரைபடத்தின் பி.டி.எஃப்-ஐ மட்டும் வெளியிட்டுவிட்டு எங்கள் கருவி திறந்த கருவி என்று சொல்வது போதாது.

ஆலைக்கு அனுப்பும் கெர்பர் கோப்புகளை வெளியிட்டால் போதாதா என்று அடுத்து கேட்பார்கள். கெர்பர் நல்ல ஏற்பாடு. பெல்ஜியத்தின் யூகாம்கோ நிறுவனம் பராமரிக்கும் அந்த வடிவம் வெளிப்படையாக வரையறுக்கப்பட்டது. உலகில் எந்தப் பலகை ஆலையும் அதை வாசிக்கும். எந்த மென்பொருளில் வரைந்தீர்கள் என்று ஆலை கேட்பதே இல்லை. ஆனால் கெர்பர் என்பது ஒவ்வொரு செம்பு அடுக்கின் படம். இந்தத் தடம் எந்த இணைப்பைச் சேர்ந்தது, எந்தப் பாகத்தின் எந்தக் காலுக்குப் போகிறது, இடைவெளிக்கு என்ன விதி வைத்தார்கள் என்பவை பெரும்பாலும் அதில் இருக்காது. அதை வைத்து அதே பலகையை மீண்டும் அடிக்கலாம். குறை கண்டுபிடித்தவர் எளிதில் திருத்தி அடிக்க முடியாது. திருத்தக்கூடிய மூலக் கோப்பு வேண்டும். அந்த மூலக் கோப்பை யாரால் திறக்க முடியும் என்பதில் மென்பொருள் தேர்வு வந்து நிற்கிறது.

ஈகிள் என்ற மென்பொருளின் கதையை இதற்குச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மனியின் காட்சாஃப்ட் நிறுவனம் 1988-இல் வெளியிட்ட அது, குறைந்த விலைக்கும் இலவசப் பதிப்புக்கும் பேர்போனது. இலவசப் பதிப்பில் இரண்டு அடுக்கு, சிறிய அளவு என்று கட்டுப்பாடு உண்டு. மாணவருக்கு அது போதுமாக இருந்தது. பொழுதுபோக்காகவும் பாடமாகவும் பலகை வரைந்த ஒரு தலைமுறை உலகம் முழுவதும் அதில்தான் கற்றது. திறந்த வன்பொருள் என்ற பெயரில் வெளியான ஏராளமான பலகைகள் ஈகிள் கோப்புகளாகவே இருந்தன. 2009-இல் பிரீமியர் ஃபார்னெல் அதை வாங்கியது. 2016-இல் ஆட்டோடெஸ்க் கைக்குப் போனது. 2017 ஜனவரியில் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளும் உரிமம் ஒழிந்து சந்தாவாக மாறியது. 2023-இல், ஈகிள் 2026 ஜூன் 7-ஆம் தேதியோடு நிறுத்தப்படும் என்று ஆட்டோடெஸ்க் அறிவித்தது. யாரும் எந்த ஒப்பந்தத்தையும் மீறவில்லை. நிறுவனங்கள் கைமாறும்போது நடப்பதுதான் நடந்தது. ஆனால் ஈகிளில் வரைந்து பொதுவில் வைத்த பலகைகளின் கதி அந்த முடிவுகளில் தொங்கியது. அவற்றில் பல தப்பியதற்கு ஒரு காரணம், 2012 வாக்கில் ஈகிள் தன் கோப்பை எக்ஸ்எம்எல் என்ற வாசிக்கத்தக்க எழுத்து வடிவுக்கு மாற்றியது. அதனால் மற்ற மென்பொருள்கள் அதை உள்வாங்கக் கற்றுக்கொண்டன. உரிமையாளர் போன பிறகும் கோப்பைக் காப்பாற்றியது அதன் திறந்த வடிவம்.

எண்ணூரில் கால அளவு இன்னும் நீளமானது. எண்ணூர் அனல் மின் நிலையம் 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. சுமார் 47 ஆண்டுகள். அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றிலும் கழிமுகத்திலும் இன்னும் கிடக்கிறது. அது பற்றிய வழக்கு, ஆய்வு, சீரமைப்பு எல்லாம் ஆண்டுக் கணக்கில் நீள்பவை. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அப்பால் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கழிமுகத்துக்குள் வந்தது. இப்படிப்பட்ட இடத்தில் இன்று பதியும் ஓர் அளவை எட்டு, பத்து ஆண்டு கழித்து ஒரு தீர்ப்பாயமோ ஆய்வாளரோ கேள்வி கேட்பது சாதாரணம். அன்று அந்தப் பலகையின் லேஅவுட்டைத் திறக்க ஒரு சந்தா உயிரோடு இருக்க வேண்டும் என்றால், சாட்சியை ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் வியாபாரத் திட்டத்திடம் ஒப்படைத்துவிட்டோம் என்று பொருள்.

திறமூலப் பக்கத்தில் இன்று தேர்வு எளிதாகிவிட்டது. கைகேட் என்ற மென்பொருளை 1992-இல் பிரான்சின் கிரெனோபிளில் ஜான்-பியேர் ஷாரா எழுதத் தொடங்கினார்; அவர் அங்கே தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்தில் ஆசிரியர். இருபது ஆண்டு வரை அது மெதுவாகவே வளர்ந்தது. திருப்பம் தந்தது ஜெனீவாவின் செர்ன் ஆய்வகம். 2009-இல் திறந்த வன்பொருளுக்கென்று ஒரு களஞ்சியம் தொடங்கிய செர்ன், ஒரு முரண்பாட்டைச் சந்தித்தது: தன் பலகைகளின் கோப்புகளை உலகுக்கு இலவசமாக வைத்தாலும், அவற்றைத் திறக்கப் பிறர் விலையுயர்ந்த வணிக மென்பொருளை வாங்க வேண்டியிருந்தது. அப்படியானால் திறந்து வைத்ததில் யாருக்குப் பயன்? அதற்காகவே செர்ன் பொறியாளர்கள் கைகேடுக்கு உழைக்க வந்தார்கள். புதிய தடம் இழுக்கும்போது பழைய தடங்களைத் தள்ளி ஒதுக்கி வழி செய்யும் ரூட்டர் அந்த உழைப்பில் வந்தது. 2018-இல் ஐந்தாம் பதிப்பு, 2021 டிசம்பரில் ஆறாம் பதிப்பு, பிறகு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒன்று. 2019-இலிருந்து லினக்ஸ் பவுண்டேஷனின் கீழ் இருக்கிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு உதவி செய்யும் நிறுவனமும் உண்டு.

எண்ணூர்க் கருவிக்கு இதில் எனக்கு முக்கியமாகப் படுவது கோப்பின் வடிவம். கைகேட் பலகைக் கோப்பை எந்த எழுத்துத் திருத்தியிலும் திறக்கலாம். ஒவ்வொரு தடத்துண்டும் ஒரு சிறு பதிவு: எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, அகலம் எத்தனை மில்லிமீட்டர், எந்த அடுக்கு, எந்த இணைப்பு. கைகேட் இல்லாதவர்கூட வாசிக்க முடியும். இரண்டு பதிப்புகளை அருகருகே வைத்து, மார்ச்சில் இருந்த பலகைக்கும் ஜூலையில் இருந்த பலகைக்கும் என்ன வேறுபாடு என்று வரிவரியாக எடுக்கலாம். கருவி நன்றாகக் காட்ட வேண்டும் என்பதற்காக நடுவில் ஏதாவது மாற்றினீர்களா என்று எதிர்த்தரப்பு கேட்டால், வாயால் மறுக்க வேண்டியதில்லை. கோப்பின் வரலாறே பதில் சொல்லும். வடிவமைப்பு விதிகளும் இப்படியே எழுத்தில் இருக்கின்றன. உணரியின் தடத்துக்கும் மற்றவற்றுக்கும் குறைந்தது இவ்வளவு இடைவெளி என்று ஒரு விதி எழுதினால், மென்பொருள் பலகை முழுவதும் அதைச் சோதிக்கும். 2025-இல் வந்த ஒன்பதாம் பதிப்பு, பலகையின் மேற்பரப்பை ஒட்டியே மின்கசிவு எவ்வளவு தூரம் பயணிக்க வேண்டும் என்பதையும் அளந்து சோதிக்கிறது. உப்புக்காற்றுப் பலகைக்கு இதைவிடப் பொருத்தமான சோதனை இல்லை. அதே சோதனையை எதிர்த்தரப்புப் பொறியாளரும் தன் கணினியில் ஓட்டிப் பார்க்கலாம் என்பதுதான் அதன் முழு மதிப்பு.

மற்ற திறமூலக் கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. ஜெர்மனியின் போட்ஸ்டாமில் பிறந்த ஃபிரிட்சிங், பிரெட்போர்டில் கம்பி சொருகும் பிள்ளைகளுக்கு அருமையான வாசல். காவல் வளையமும் இடைவெளி விதியும் கேட்கும் பலகைக்கு அது காணாது. லிப்ரபிசிபி 2023-இல் முதல் முழுப் பதிப்பைத் தொட்டது. நூலகங்களை ஒழுங்காக வைப்பதில் அதன் கட்டுப்பாடு எனக்குப் பிடிக்கும், கூடி உழைப்பவர் எண்ணிக்கை இன்னும் சிறிது. ஹரைசன் நன்றாக எழுதப்பட்டது, அதற்கும் அதே நிலைதான். 1990-களின் இறுதியில் தொடங்கிய ஜிஈடிஏ ஒரு காலத்தில் லினக்ஸ் உலகின் முதல் பெயர்; இப்போது அதன் வளர்ச்சி நின்று, லெப்டன், பிசிபி-ஆர்என்டி என்ற கிளைகளில் ஓடுகிறது.

ஜிஈடிஏ என்ற பெயரையே என் வாதத்துக்கு எதிராகத் திருப்பலாம். திறமூல மென்பொருளும் சாகிறதே. ஈகிள் செத்ததற்கும் ஜிஈடிஏ தேய்ந்ததற்கும் என்ன வித்தியாசம்? வித்தியாசம் இருக்கிறது. ஜிஈடிஏ கோப்பை இன்றும் பிசிபி-ஆர்என்டி வாசிக்கிறது. மூலநிரல் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தொகுக்கலாம். வடிவம் ஆவணமாக இருக்கிறது. வேலை கடினமாகும், தடுக்கப்படாது. ஆனால் எதிர்வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. திறந்த உரிமம் மட்டும் நீண்ட ஆயுளைத் தராது. அதைத் தாங்கும் ஆட்கள் வேண்டும். அதனால்தான் சிறிய, அழகான கருவிகளை விட்டுக் கைகேடைச் சொல்கிறேன். கைகேடுக்குள்ளும் ஒரு பொல்லாப்பு உண்டு. புதிய பதிப்பில் சேமித்த கோப்பைப் பழைய பதிப்பு திறக்காது. எந்தப் பதிப்பில் வரைந்தது என்று எழுதி வைப்பது அதனால் கட்டாயம். பழைய பதிப்புகள் எல்லாம் பதிவிறக்கக் கிடைப்பதால் அது பொல்லாப்பாகவே நிற்கிறது, தடையாக மாறுவதில்லை.

கூடுதல் வலுவுள்ள எதிர்ப்பு, இலவச வலைக் கருவிகளிலிருந்து வருகிறது. ஈசிஈடிஏ போன்றவை உலாவியிலேயே ஓடுகின்றன. பாகங்களின் இருப்பும் விலையும் திரையிலேயே தெரியும்; வரைந்து முடித்ததும் சீனாவின் ஆலைக்கு ஒரு சொடுக்கில் ஆணை போகும். முதல் பலகையைக் கையில் பார்க்க இதைவிட வேகமான வழி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். கற்றுக்கொள்ளவும் மாதிரி அடித்துப் பார்க்கவும் பயன்படுத்தலாம். ஆனால் வரைவும் நூலகமும் ஒரு விற்பனை நிறுவனத்தின் சேவையோடு கட்டப்பட்டிருக்கின்றன. இலவசம் என்பது அந்த நிறுவனத்தின் இன்றைய விலைப்பட்டியல். நாளைக்கும் அதுவே என்று யாரும் எழுதித் தரவில்லை. ஈகிளும் ஒரு காலத்தில் இலவசமாகத்தான் கிடைத்தது. கைகேட் எட்டாம் பதிப்பிலிருந்து ஈசிஈடிஏ கோப்புகளை உள்வாங்குகிறது. அப்படி வரைந்துவிட்டவர்கள் சாட்சிக்குப் போகும் பலகையை இங்கே மாற்றி, விதிச் சோதனையை ஓட்டி, அதன்பின் வெளியிடலாம்.

தானியங்கி ரூட்டிங் இல்லையே என்பது இன்னொரு குறை. கைகேடுக்குள் அது இல்லை. வெளியிலிருந்து ஃப்ரீரூட்டிங் என்ற திறமூல நிரலுக்கு அனுப்பித் திரும்பப் பெறலாம். பெரிய பலகையில் மிச்சமிருக்கும் முக்கியமில்லாத தடங்களுக்கு அது உதவும். உணரிப் பக்கத்துக்கு உதவாது, எந்த வணிக மென்பொருளின் தானியங்கியும் உதவாது, ஏனென்றால் 23 நானோஆம்பியரின் அருமை அதற்குத் தெரியாது. அந்தப் பத்துப் பன்னிரண்டு தடங்களைக் கையால்தான் இழுக்க வேண்டும். சிக்கலான பலகைகளைத் திறமூலம் தாங்காது என்ற பழைய பேச்சும் மெல்ல ஓய்ந்துவருகிறது. பல்கேரியாவின் ஒலிமெக்ஸ் தன் ஏ64 கணினிப் பலகையை, அதிவேக நினைவகத் தடங்களோடு, கைகேடில் வரைந்து விற்றது. மிக அடர்ந்த பல அடுக்குப் பலகையும் சமிக்ஞை ஆய்வும் தேவைப்படும் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்கு வணிக மென்பொருள் இன்னும் முன்னால் இருக்கிறது என்பது உண்மை. தெருமுனைக் கம்பத்தில் கட்டும் இரண்டு அடுக்குப் பலகைக்கு அந்த உண்மை பொருந்தாது.

வேலைவாய்ப்பைச் சொல்லிக் கேட்பவர்களுக்கு எளிய பதில் என்னிடம் இல்லை. விளம்பரங்களில் ஆல்டியம், ஆர்கேட் என்ற வணிக மென்பொருள்களைத்தான் கேட்கிறார்கள். திருவொற்றியூரிலிருந்தோ ராயபுரத்திலிருந்தோ பாலிடெக்னிக் போகும் முதல் தலைமுறை மாணவனிடம், கொள்கைக்காக அதை விடு என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் அந்த மாணவனின் கையில் என்ன தங்குகிறது என்று பார்க்க வேண்டும். கல்லூரி உரிமத்தில் வரைந்தவை கல்லூரியோடு முடியும்; வீட்டுக் கணினியில் திறக்கக்கூட முடியாமல் போகலாம். மென்பொருளின் பட்டன்கள் ஒரு மாதத்தில் பழகும். மின்னோட்டம் எந்த வழியாகத் திரும்புகிறது, எந்தப் பாகத்தை எங்கே வைத்தால் சூடு போகும், ஆலையின் துளை அளவு என்ன என்ற அறிவு எல்லா மென்பொருளுக்கும் பொது. அதைத் தன் கணினியில், தன் நேரத்தில், எத்தனை முறை வேண்டுமானாலும் தப்பு செய்து கற்கக் கைகேடில் தடை எதுவும் இல்லை. மும்பை ஐஐடியின் ஃபாஸ்ஸீ திட்டம், மத்தியக் கல்வி அமைச்சகத்தின் நிதியில், கைகேடையும் என்ஜிஸ்பைஸ் என்ற மின்சுற்றுப் போலியாக்கியையும் சேர்த்து ஈசிம் என்ற தொகுப்பாகத் தருகிறது. அங்கேயே பிறந்த ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் இத்தகைய மென்பொருள் பாடங்களைத் தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளில் குரல் கொடுத்து வழங்குகிறது. கடைசிப் பருவத்தில் ஒரு வணிக மென்பொருளையும் தொட்டுப் பார்க்கட்டும்; அடித்தளம் இதில் இருக்கட்டும்.

கடைசியாக, மிகக் கடுமையான எதிர்ப்பு. மாணவர்களும் மீனவர்களும் மாட்டிவைக்கும் மலிவுக் கருவியை எந்த அதிகாரி ஏற்பார்? சான்றளிக்கப்பட்ட கருவி அல்லவே. உணரிகள் காலப்போக்கில் நழுவும். அம்மோனியா உணரி ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கண்டும் அசையும், பக்கத்தில் சுத்திகரிப்பு ஆலை இருக்கும் ஊரில் அது சின்ன விஷயமில்லை. எல்லாம் சரி. திறந்த லேஅவுட் இந்தக் குறைகளை நீக்காது. அது செய்வது வேறு: குறை எங்கே இருக்கிறது என்று இரு தரப்பும் ஒரே கோப்பை வைத்துப் பேச வைக்கும். உங்கள் கருவி நம்பத்தகாதது என்ற பொத்தாம்பொதுவான மறுப்புக்குப் பதிலாக, இரண்டாம் அடுக்கில் காவல் வளையம் விட்டுப்போயிருக்கிறது என்ற குறிப்பான குற்றச்சாட்டு வரும். அதைத் திருத்தலாம், திருத்திய பலகையைப் பழையதோடு ஒரே கம்பத்தில் கட்டி வித்தியாசம் பார்க்கலாம். சான்றளிக்கப்பட்ட கருவிக்கும் இதே அளவுகோலை வைப்பதில் தப்பில்லை. அதற்குள்ளும் ஒரு பலகை இருக்கிறது, அதன் மேலும் இதே உப்பு படிகிறது, அதன் லேஅவுட்டை வெளியே யாரும் பார்த்ததில்லை.

கசிவுக்குப் பின் அரசு அமைத்த தொழில்நுட்பக் குழு, பழைய கடலடிக் குழாய்க்குப் பதிலாகத் தானியங்கிக் கண்காணிப்புக் கருவிகளோடு புதிய குழாய் போடச் சொன்னது. இனி இந்தக் கடற்கரையில் பொதுப் பணத்திலோ, தீர்ப்பாய ஆணையின்படியோ நிறுவப்படும் ஒவ்வொரு வாயு உணரிக்கும் டெண்டரில் ஒரு நிபந்தனை சேர்க்கலாம். உணரியையும் அதன் முதல் பெருக்கியையும் தாங்கும் பலகையின் மூலக் கோப்பு, இலவசமாகத் திறக்கும் வடிவத்தில், வரைந்த மென்பொருளின் பதிப்பு எண், விதிக் கோப்பு, அளவீட்டுச் சான்று ஆகியவற்றோடு வாரியத்திடம் வைக்கப்பட வேண்டும். கேட்பவருக்கு அது தரப்பட வேண்டும். வியாபார ரகசியம் என்று விற்பவர்கள் மறுப்பார்கள். கருவி முழுவதையும் யாரும் கேட்கவில்லை. பகுப்பாய்வு நிரலை, தகவல் அனுப்பும் பகுதியை, பெட்டியின் வடிவமைப்பை அவர்களே வைத்துக்கொள்ளட்டும். காற்றைத் தொடும் இடத்திலிருந்து எண்ணாக மாறும் இடம் வரை உள்ள சில சதுர சென்டிமீட்டர் செம்பைக் காட்டினால் போதும். அந்தப் பகுதியின் சுற்று, உணரி தயாரிப்பாளர்களே தங்கள் குறிப்பேடுகளில் அச்சிட்டுத் தருவதுதான்.